ஒலிம்பியாவின் பூனை ஏன் பெரிதானது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 1865இல் ஓவியர் மனேயின் 'ஒலிம்பியா'வைக் கிண்டலடித்த பிரெஞ்சுக் கேலிப்படங்களில் பூனை பிரமாண்டமாக இருக்கிறது. மூல ஓவியத்திலோ அதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஏன் இந்த வித்தியாசம்?

பதில்: தேட வேண்டியிருந்ததுதான் காரணம். கட்டிலில் நிர்வாணமாகச் சாய்ந்திருக்கும் நாயகி, அவளுக்குப் பூங்கொத்து நீட்டும் கறுப்பினப் பணிப்பெண், கட்டிலின் வலது ஓரத்தில், இருட்டுப் பின்னணியில் கறுப்புப் பூனை. பாரிஸின் அதிகாரபூர்வ ஓவியக் கண்காட்சியான சலோனில் சுவர் முழுக்க, சட்டத்தோடு சட்டம் உரசும்படி ஓவியங்களை மாட்டுவார்கள். அந்த நெரிசலில் ஒருவர் பூனையைக் கண்டுபிடித்துப் பக்கத்தில் இருப்பவருக்குக் காட்டினால், பிறகு எல்லோரும் பூனையைத்தான் பார்ப்பார்கள். கேலிச்சித்திரக்காரர் பிடித்துக்கொள்வது அந்தப் பேச்சைத்தான்.

மே 14 அன்று 'லெ ஷாரிவாரி' என்ற நையாண்டிப் பத்திரிகையில் கேலிச்சித்திரக்காரர் ஷாம் வரைந்த படத்தின் தலைப்பு 'குட்டித் தச்சனின் பிறப்பு'. பிரெஞ்சில் நுட்ப மரவேலைத் தச்சரைக் குறிக்கும் சொல் கருங்காலி மரத்தின் பெயரிலிருந்து வந்தது. கறுப்பினப் பணிப்பெண்ணை வைத்துச் செய்த சிலேடை அது. இன்று கசக்கிறது, அன்றைய பாரிஸ் பத்திரிகைகளில் இது சர்வசாதாரணம். ஜூன் 3 அன்று 'லில்யுஸ்த்ராசியோன்' இதழில் இன்னொரு கேலிச்சித்திரக்காரர் பெர்த்தால் வேறு வழியில் போனார்: பூங்கொத்தை ஊதிப் பெருக்கி, பூனையின் வாலை நிமிர்த்தி, நாயகியை 'பத்தின்யோலின் கரிக்காரி' ஆக்கிவிட்டார். பத்தின்யோல், மனே புழங்கிய பாரிஸ் வட்டாரம். கரி எங்கிருந்து வந்தது? மனே உடலின் விளிம்புகளில் மென்மையான நிழலுக்குப் பதில் அழுத்தமான கருங்கோடு விட்டிருந்தார். பழகாத கண்ணுக்கு அது அழுக்காகத் தெரிந்தது. ஒருவிதத்தில் பெர்த்தால் பல விமர்சகர்களைவிடக் கூர்மையாகப் பார்த்திருக்கிறார் என்பேன்.

இப்படிப்பட்ட படம் புரியாவிட்டால் அந்த ஆண்டு சலோனின் அதிகாரபூர்வப் பட்டியல் நூலைப் பாருங்கள். வாசகர் கையில் அது இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் பல கேலிப்படங்கள் ஓவியரின் பெயரையோ பட்டியல் எண்ணையோ மட்டும் போட்டன. 'ஒலிம்பியா'வுக்கு அந்த நூலில் சக்கரி அஸ்த்ருக் எழுதிய கவிதை வரிகள் இருந்தன. கறுப்புத் தூதரின் கைகளில் வசந்தம் உள்ளே வருவதாக அவை சொல்லும். பூங்கொத்தைச் சுற்றிய கிண்டலில் பாதி அந்தக் கவிதைக்கு விழுந்த அடி.

கேள்வி: அரசியலைக் கேலி செய்ய வேண்டிய பத்திரிகைகள் ஓவியக் கண்காட்சியைப் பிடித்துக்கொண்டது ஏன்?

பதில்: அரசியலைத் தொட்டால் சிறை. மன்னர் லூயி பிலிப்பை 'கார்காந்துவா' என்ற பெருந்தீனி அரக்கனாக வரைந்த கேலிச்சித்திரக்காரர் தோமியே 1832இல் உள்ளே போனார். 1835 செப்டம்பர் சட்டம், படங்களை அச்சிடுமுன் அனுமதி வாங்கச் சொன்னது. எழுத்துக்கு அந்த நிபந்தனை இல்லை. படம்தான் ஆபத்து என்று அரசு சரியாகவே கணித்திருந்தது. 1848 புரட்சியோடு இந்தத் தணிக்கை போனது, 1852இல் திரும்பி வந்தது. நிரந்தரமாக ஒழிந்தது 1881 ஜூலை 29 பத்திரிகைச் சட்டத்தில்தான்.

சலோனில் அந்தப் பயம் குறைவு. ஆயிரக்கணக்கான ஓவியங்கள், நடுவர் குழுவோடு ஓயாத சண்டை, ஊரே திரண்டு வரும் கூட்டம் என்று வாரக்கணக்கில் பக்கம் நிரப்பச் சரக்கு உண்டு. 1843இல் பெர்த்தாலும் ரேமோன் பெலேயும் ஓவியம் ஓவியமாகக் கேலி செய்யும் 'கேலி சலோன்' வகையைத் தொடங்கினார்கள். இரவுக் காட்சி என்ற பெயரில் வெறும் கறுப்புச் செவ்வகம் அச்சிட்ட நகைச்சுவை அப்போதே வந்துவிட்டது.

தோமியே இந்த வகையில் அதிகம் இறங்கவில்லை. அவருக்கு ஓவியத்தைவிடப் பார்வையாளர் மேல்தான் கண். 'இந்த ஆண்டும் வீனஸ்கள்... எப்போதும் வீனஸ்கள்!' என்று இரு பெண்கள் அலுத்துக்கொள்ளும் 1864 படத்தில், அடி அந்தப் பெண்களுக்கா, நிர்வாண தேவதைகளை வரைந்து தள்ளிய ஓவியர்களுக்கா என்று முடிவாகச் சொல்ல முடியாது.

கேள்வி: 'இம்ப்ரெஷனிஸ்ட்' என்ற பெயர் ஒரு கேலிப்படத்திலிருந்து வந்ததா?

பதில்: இல்லை. 1874 ஏப்ரல் 25 அன்று 'லெ ஷாரிவாரி'யில் லூயி லெருவா எழுதிய நையாண்டிக் கட்டுரையிலிருந்து வந்தது அது. கேலிப்படம் என்றால் 1877இல் ஷாம் வரைந்ததைச் சொல்லலாம்: கர்ப்பிணி ஒருத்தி இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர் குழுவின் கண்காட்சிக்குள் போகாமல் காவலர் தடுக்கிறார், 'அது உசிதமல்ல அம்மா' என்று.

கேள்வி: பழைய 'லெ ஷாரிவாரி' படம் ஒன்றை வாங்க நினைக்கிறேன். அசலா, பிற்கால நகலா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: முதலில் தாளைத் திருப்புங்கள். பத்திரிகைப் பிரதி என்றால் பின்பக்கம் செய்தி எழுத்து இருக்கும். மெல்லிய தாள் என்பதால் அது முன்பக்கம் மங்கலாகத் தெரியும். இதைக் குறை என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள், அதுதான் சாட்சி. பின்பக்கம் வெறுமையாக, தாள் தடித்து வெள்ளையாக இருந்தாலும் உடனே நகல் என்று தள்ள வேண்டாம்: சேகரிப்பாளர்களுக்காக நல்ல தாளில் தனியாக அச்சிட்டும் விற்றார்கள்.

அடுத்து, பத்து மடங்கு லென்ஸ். இந்தப் படங்களில் பல கல்லச்சில் (லித்தோகிராஃப்) வந்தவை. அதில், சுண்ணாம்புக்கல் மேல் கொழுப்புப் பென்சிலால் வரைவார்கள். கல்லின் சொரசொரப்பால் நிழற்பகுதி ஒழுங்கற்ற பொடிப்புள்ளியாகத் தெரியும். வரிசை பிசகாத புள்ளிக் கட்டம் தெரிந்தால், அது புகைப்பட வழியில் வந்த நகல்.

நடுவில் ஒரு வகை குழப்பும். கல்லச்சுப் பக்கத்தை எழுத்து அச்சோடு ஒரே ஓட்டத்தில் அடிக்க முடியாது. இரண்டு இயந்திரம், இரட்டைச் செலவு. அதைத் தவிர்க்க ஃபிர்மேன் ழியோ 1850இல் காப்புரிமை பெற்ற முறையில், வரைபடத்தைத் துத்தநாகத் தகட்டுக்கு மாற்றி, அமிலத்தால் அரித்துக் கோடுகளை மேடாக்கினார்கள். தகடு எழுத்தோடு சேர்ந்தே அச்சேறும். மெல்லிய கோட்டின் அடியை அமிலம் தின்றுவிட்டால் கோடு அறுந்துபோகும். சாம்பல் நிழல் திட்டுத் திட்டாகக் கறுக்கும். தோமியேயின் கடைசிக் கால அச்சுகளில் பல இப்படித்தான். முரடாகத் தெரிந்தாலும் அசலே. பின்பக்கம் விரலால் தடவினால் கோடு அழுந்திய தடம் சில பிரதிகளில் தட்டுப்படும்.

வண்ணம் பூசிய பிரதிக்குக் கூடுதல் விலை கேட்டால் யோசியுங்கள். பத்திரிகையில் வந்தது கறுப்பு மையில் மட்டும். வண்ணம் பிறகு கையால் ஏற்றியது.

ஓரம் வெட்டிய பிரதியையும் தவிருங்கள். தொடரின் பெயர், படத்தின் எண், 'ஓபேர்' அல்லது 'மார்த்தினே' என்ற வெளியீட்டாளர் முகவரி எல்லாம் ஓரத்தில்தான் இருக்கும். அது போனால் எந்த ஆண்டு சலோன், எந்த ஓவியத்தைக் கேலி செய்கிறது என்று பிடிப்பது கடினம்.