மாரியோவில் நின்று பாட்டுக் கேட்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 42. சின்ன வயதில் எங்கள் வீட்டில் டிவி கேம் பெட்டி இருந்தது. ஜாய்ஸ்டிக் எப்போதும் அண்ணன் கையில்தான். நான் பின்னால் உட்கார்ந்து பார்த்ததைவிடக் கேட்டதுதான் அதிகம். இப்போது என் பையனின் கம்ப்யூட்டரில் அந்த ஆட்டங்கள் இருக்கின்றன. இரவு பாத்திரம் கழுவி முடித்ததும் அரை மணி நேரம் உட்காருவேன். ஜெயிக்க ஆசையே இல்லை. மாரியோவில் தொடங்கிய இடத்திலேயே நின்று பாட்டுக் கேட்பேன். பையன் “ஓடும்மா, ஓடும்மா” என்று கத்துகிறான். கணவரோ, “பாட்டுதான் வேணும்னா யூடியூப்ல கேட்டுட்டுப் போயேன்” என்கிறார். அப்படிக் கேட்டால் ஏனோ ஒட்டவில்லை. யூடியூபிலும் சரி, கம்ப்யூட்டரிலும் சரி, அன்று கேட்டதைவிட வேகமாகப் போவதுபோல் இருக்கிறது. கான்ட்ராவில் மூன்றாவது கட்டமான அருவியை நான் தாண்டியதே இல்லை. அதற்கப்புறம் என்ன பாட்டு வரும் என்றும் தெரியாது. இது கிறுக்குத்தனமா? வேறு என்ன ஆடலாம்?

— பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: சகோதரி, கிறுக்குத்தனமெல்லாம் இல்லை. உங்களைப் போல ஆட்கள் வருவார்கள் என்று அந்த ஆட்டங்களைச் செய்தவர்களுக்கே தெரியும். பழைய ஆட்டங்கள் பலவற்றில் ஆப்ஷன்ஸ் பக்கம் போனால் ‘சவுண்ட் டெஸ்ட்’ என்று ஒரு வரி இருக்கும். எண்ணை மாற்றி மாற்றிப் பட்டனை அழுத்தினால், ஆட்டத்தில் உள்ள இசை ஒவ்வொன்றாக ஒலிக்கும். ஆடவே வேண்டாம். கேம்பாய் என்ற கையடக்கப் பெட்டியில் 1989-இல் வந்த டெட்ரிஸ், தொடங்கும் முன்பே ஏ, பி, சி மூன்றில் எந்த இசை வேண்டும் என்று கேட்டுவிடும். ஏ ஒரு ரஷ்ய நாட்டுப்பாடல். சி, ஜெர்மன் இசைமேதை பாஹ் எழுதிய நடன இசை.

ஜப்பானில் நாம்கோ நிறுவனத்து ஆட்டங்களின் இசை 1984-லேயே இசைத்தட்டாக வந்துவிட்டது. 1987-இல் டிராகன் குவெஸ்ட் இசையை டோக்கியோ மேடையில் ஆர்கெஸ்ட்ரா வைத்து வாசித்தார்கள். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில், நாடுகளின் அணிகள் அரங்கத்துக்குள் நடந்து வந்ததே வீடியோ கேம் இசைக்குத்தான். 2023-இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம், காலத்துக்கும் காக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் கோஜி கோண்டோவின் மாரியோ இசையைச் சேர்த்தது. நீங்கள் நின்று கேட்கிறீர்களே, அதே பாட்டு. வீட்டில் யாராவது சிரித்தால் இதைச் சொல்லிவிடுங்கள். அதற்கு மேல் வாதாடினால் அரை மணி நேரம் அதிலேயே போய்விடும்.

சரி, உங்கள் வீட்டுக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். அவர் சொல்வதில் பாதி சரி.

சில ஆட்டங்களில் இசை ஒரு பக்கம் ஓடும், ஆட்டம் ஒரு பக்கம் ஓடும். 1988-இல் வந்த மெகாமேன் 2 அப்படிப்பட்டது. அதில் டாக்டர் வைலியின் கோட்டைக்குள் நுழையும்போது வரும் இசை, அந்தக் காலத்து ஆட்ட இசையிலேயே உச்சம் என்று பலரும் சொல்வார்கள், நானும் சொல்வேன். தகாஷி தடெய்ஷி எழுதியது. (மெகாமேனைச் செய்த காப்காம் நிறுவனத்தின் ஆட்டங்களில் அப்போது பெயர்ப் பட்டியலில் சொந்தப் பெயர் போடமாட்டார்கள், ஏதாவது புனைபெயர்தான். எழுதியவர் யார் என்று ரசிகர்கள் பிற்பாடு தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.) அந்த இசையை ஆட்டத்துக்குள் கேட்க வேண்டுமானால் முதலில் எட்டு வில்லன்களை முடித்தாக வேண்டும். அருவி தாண்டாதவருக்கு நான் அதைச் சிபாரிசு செய்யமாட்டேன். அதேபோல் 1992-இல் வந்த ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ரேஜ் 2. யூசோ கோஷிரோவின் இசை. நடனக் கிளப்பில் ஒலிப்பதை அப்படியே ஒரு சேகா பெட்டிக்குள் இறக்கியிருப்பார். நான் அதை ஆடியதைவிடக் கேட்டதே அதிகம். இவற்றை யூடியூபில் தாராளமாகக் கேளுங்கள். ஒன்றும் குறையாது.

இன்னொரு வகை இருக்கிறது. அங்கே இசையில் பாதி உங்கள் விரலில் இருக்கிறது. உங்களுக்கு யூடியூப் ஒட்டாமல் போனதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

1978-இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸில் மெட்டு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. கீழே இறங்கும் நாலு ஸ்வரம், அவ்வளவுதான், திரும்பத் திரும்ப. ஆனால் எதிரிகள் குறையக் குறைய அது வேகம் பிடிக்கும். கடைசி ஆள் பாயும்போது நெஞ்சு படபடக்கும். சுட்டு வீழ்த்துகிற நீங்கள்தான் அங்கே தாளத்தை ஏற்றுகிறீர்கள். இதை ரெக்கார்ட் செய்து கேட்டால் நாலு ஸ்வரம் மட்டும்தான் மிஞ்சும்.

மாரியோவில் உங்களுக்கே பழக்கமான ஒன்று. ஓடாமல் நின்றால், சுமார் இரண்டு நிமிடத்தில் கடிகாரம் 100-க்கு இறங்கும். ஒரு சின்ன எச்சரிக்கை மெட்டு வரும், அப்புறம் அதே பாட்டு அவசர அவசரமாக ஓடும். உங்கள் பையன் கத்துவதும் அதுவும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன.

1990-இல் வந்த சூப்பர் மாரியோ வேர்ல்டில் யோஷி என்று ஒரு பச்சைக் குட்டி டைனோசர் வரும். மாரியோ அதன் முதுகில் ஏறியதும், ஓடிக்கொண்டிருக்கும் இசையோடு தாள வாத்தியம் ஒன்று சேர்ந்துகொள்ளும். இறங்கினால் அது நின்றுவிடும், மெட்டு மட்டும் அறுபடாமல் போய்க்கொண்டே இருக்கும். ஏறுங்கள், இறங்குங்கள், மறுபடி ஏறுங்கள். எதிரி இல்லாத இடமாகப் பார்த்து இதை மட்டுமே செய்துகொண்டிருக்கலாம். வீட்டுக்காரரையும் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு தடவை ஏறி இறங்கச் சொல்லுங்கள். யூடியூபில் இதைச் செய்ய முடியுமா என்று கேளுங்கள்.

சண்டை இல்லாத ஆட்டம் வேண்டுமென்றால் மங்கி ஐலண்ட் 2. 1991-இல் லூகாஸ் ஆர்ட்ஸ் வெளியிட்டது. புதையல் தேடி அலையும் ஒரு கடற்கொள்ளைக்காரப் பையனின் கதை. இதில் செத்துப் பிழைக்கிற வேலை இல்லை, நிதானமாக நடந்து, ஆட்களோடு பேசி, புதிர்களை அவிழ்த்தால் போதும். வுட்டிக் என்ற ஊரில், உடைந்த கப்பல்களைச் சேர்த்துக் கட்டிய கடைகள் இருக்கும். ஒரு கடைக்குள் போனால் ஊரின் பொது மெட்டு அப்படியே வேறு வாத்தியத்துக்கு, வேறு நடைக்கு மாறும். வெளியே வந்தால் விட்ட இடத்துக்கே தாளம் பிசகாமல் திரும்பும். எந்த நொடியில் கதவைத் தாண்டினாலும் இந்த மாற்றம் சரியாக விழ வேண்டும் என்பதற்காகவே இசையமைப்பாளர்கள் மைக்கேல் லாண்டும் பீட்டர் மெக்கானலும் ஐமியூஸ் என்ற தனி மென்பொருளைச் செய்தார்கள். உங்களுக்கு என் முதல் சிபாரிசு இதுதான்.

இனி, எப்படிக் கேட்பது என்று கொஞ்சம். உங்கள் பழைய பெட்டி, நின்டெண்டோ 1983-இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாமின் நகலாகத்தான் இருந்திருக்கும். அதன் ஒலிச் சில்லை ஐந்து பேர் கொண்ட ஒரு மேளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் மெட்டு வாசிப்பவர்கள். மூன்றாமவர் அடியில் நின்று கனமாக இழுப்பவர். அவருக்குச் சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ தெரியாது. ஒன்று வாசிப்பார், இல்லாவிட்டால் சும்மா இருப்பார். நாலாமவர் ‘உஸ்’ஸென்ற இரைச்சலை வெட்டி வெட்டித் தாளம் போடுபவர். ஐந்தாமவர் பதிவு செய்த சின்னச் சின்ன ஒலித் துணுக்குகளைப் போடுபவர். முதல் மாரியோ இவரைத் தொடவே இல்லை. நாலு பேரை வைத்தே முடித்துவிட்டது.

இதில் ஒரு சங்கடம். மாரியோ தாவும் சத்தத்துக்கும் நாணயம் எடுக்கும் சத்தத்துக்கும் தனி ஆள் இல்லை. மெட்டு வாசிக்கும் இருவரில் ஒருவர் தன் வரியை ஒரு கணம் விட்டுவிட்டு அந்தச் சத்தத்தைப் போட்டுத் தர வேண்டும். ஆகையால் நீங்கள் தாவும்போதெல்லாம் பாட்டில் ஒரு சின்ன ஓட்டை விழும். நீங்கள் நின்றே கேட்பதால் முழுப்பாட்டும் கிடைக்கிறது, உண்மைதான். ஆனால் அண்ணன் ஆடியபோது நீங்கள் கேட்டது அந்த ஓட்டைகளோடு கூடிய பாட்டு. ஒரு நாள் ஓடித் தாவித்தான் பாருங்களேன்.

ஒரு பயிற்சியும் சொல்கிறேன். மெட்டை விட்டுவிட்டு, அடியில் இழுப்பவரை மட்டும் ஒரு முழுச் சுற்று பின்தொடருங்கள். முதலில் காது நழுவி மெட்டுக்கே போகும், பரவாயில்லை. பிடிபட்டதும் அடுத்த சுற்றில் இரைச்சல்காரர். சில ஆட்டங்களில் ஒரே குரல் மணி அடிப்பதுபோல் நடுங்கி ஒலிக்கும். மூன்று ஸ்வரங்களை மிக வேகமாக மாற்றி மாற்றி வாசித்து, சேர்ந்து ஒலிப்பதுபோல் ஏமாற்றுகிற வித்தை அது. ஆள் பற்றாக்குறையைச் சமாளிக்கக் கண்டுபிடித்தது, இன்று அதையே பாணியாக வைத்துக்கொண்டு புது இசை செய்கிறார்கள்.

வேகம் பற்றிக் கேட்டீர்கள். உங்கள் நினைவில் கோளாறு இல்லாமலும் இருக்கலாம். ஜப்பான், அமெரிக்க டிவிகள் நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிப்பவை. ஐரோப்பாவிலும் நம் ஊரிலும் அது 50. அந்த ஆட்டங்களில் பெரும்பாலும் படம் ஒரு முறை மாறினால் இசையும் ஒரு அடி நகரும். அதனால் 50-க்குச் செய்த பெட்டியில் பாட்டு ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும். ஐரோப்பாவில் வளர்ந்தவர்களும் இதே குழப்பத்தைச் சொல்வதுண்டு. உங்கள் பெட்டியும் நம் ஊர் டிவிக்கேற்றபடி செய்ததாக இருந்தால், நீங்கள் கேட்டு வளர்ந்தது அந்த மெதுவான பாட்டுதான். பழைய ஆட்டங்களைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் மென்பொருளுக்கு எமுலேட்டர் என்று பெயர். அவை பலவற்றில் 50-க்கு மாற்ற வசதி இருக்கிறது. செட்டிங்ஸில் ‘பால்’ (PAL) என்று இருக்கும், பையனைத் தேடச் சொல்லுங்கள்.

அடுத்து அந்த அருவி. இதில் கொஞ்சமும் வெட்கப்படாமல் ஏமாற்றுங்கள். கான்ட்ராவின் முதல் திரையில், மேல் மேல், கீழ் கீழ், இடது வலது, இடது வலது, பி, ஏ, அப்புறம் ஸ்டார்ட். மூன்று உயிர் முப்பதாகும். இந்த வரிசையைக் கொண்டுவந்தவர் கசுஹிசா ஹஷிமோட்டோ. 1986-இல் கிராடியஸ் ஆட்டத்தை ஃபேமிகாமுக்கு மாற்றியபோது, அதைச் சோதித்துப் பார்க்க அவராலேயே ஆட முடியாமல் இதைப் போட்டுக்கொண்டார். செய்தவருக்கே தேவைப்பட்டது நமக்குத் தேவைப்படக் கூடாதா? கம்ப்யூட்டரில் ஆடுவதால் இன்னொரு வசதி: எந்த இடத்திலும் சேமித்துக்கொண்டு, செத்தால் அங்கிருந்தே தொடரலாம். அருவிக்கு அப்புறம் ஒரு கோட்டை, அதையும் தாண்டினால் ஐந்தாவதாகப் பனிக்கட்டம். அதற்குத் தனி இசை. அது எப்படி இருக்கும் என்று நான் சொல்லமாட்டேன், போய்க் கேளுங்கள். கேட்டதும் ஆட்டத்தை நிறுத்திவிட்டாலும் யாரும் கேட்கப் போவதில்லை.

பையனின் கம்ப்யூட்டரில் உள்ளவை எங்கிருந்து இறக்கியவை என்று நான் விசாரிக்கவில்லை. நேர்வழியில் வேண்டுமென்றால், கான்ட்ராவுக்கும் காசில்வேனியா என்ற இன்னொரு ஆட்டத்துக்கும், இரண்டையும் செய்த கொனாமி நிறுவனமே 2019-இல் ஆனிவர்சரி கலெக்‌ஷன் என்று தொகுப்புகள் வெளியிட்டது. கம்ப்யூட்டருக்குக் கிடைக்கிறது, தள்ளுபடி சமயத்தில் வாங்கலாம். சேமிக்கும் வசதி இரண்டிலும் உண்டு.

காசில்வேனியா தொகுப்பு உங்களுக்குக் கட்டாயம் வேண்டும். அதில் மூன்றாம் பாகத்தின் அமெரிக்கப் பதிப்பும் 1989-இன் ஜப்பானியப் பதிப்பும் இரண்டுமே இருக்கின்றன. ஜப்பானியக் கேசட்டுக்குள் கொனாமி தன் சொந்தச் சில்லு ஒன்றை வைத்து, அந்த மேளத்தில் மேலும் மூன்று பேரைச் சேர்த்திருந்தது. அமெரிக்காவில் விற்ற பெட்டியில் கேசட்டிலிருந்து ஒலியைக் கலக்க அதே வழி இல்லாததால், அங்கே அதே இசையை ஐந்து பேருக்குச் சுருக்கி எழுதினார்கள். முதல் கட்டத்தின் இசையை இரண்டிலும் கேட்டுப் பாருங்கள். ஹெட்ஃபோன் போட்டுக்கொள்வது நல்லது. முதலில் அமெரிக்கப் பதிப்பு, அப்புறம் ஜப்பானியப் பதிப்பு. வரிசையை மாற்றிக் கேட்டால், அமெரிக்கப் பதிப்பு பாவம், ஆள் வராத கச்சேரி போலக் கேட்கும். அதற்கு அது நியாயமில்லை.