வாசகர் கேள்வி: பீரங்கி எல்லையும் சோழிக் கணக்கும்

கே: கடலூரில் ஆங்கிலேயர்கள் பீரங்கியால் சுட்டுத்தான் நிலம் அளந்தார்களாமே, கட்டுக்கதைதானே?
– வாசகர், மஞ்சக்குப்பம்

ப: கதை இல்லை, நடந்ததுதான். 1690-ல் தேவனாம்பட்டினம் கோட்டையைச் செஞ்சியில் இருந்த மராத்தியர்களிடம் கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியது. அப்போது சென்னையில் ஆளுநர் எலிஹு யேல். கோட்டையோடு, அதைச் சுற்றிப் பீரங்கிக் குண்டு எட்டுகிற தூரம் வரையுள்ள நிலமும் சேர்த்தி என்று பேச்சு. அளவுகோலை வாங்குகிறவன் கையிலேயே கொடுத்த வியாபாரம்! குண்டு போகும் தூரம் மருந்தின் அளவையும் குழாயை எவ்வளவு தூக்கி வைக்கிறோம் என்பதையும் பொறுத்தது. கிடையாக வைத்துச் சுட்டால் சில நூறு கஜத்தில் தரை தட்டும். வாயைத் தூக்கிச் சுட்டால் பல மடங்கு போகும். கம்பெனிக்காரர்கள் எப்படி வைத்திருப்பார்கள் என்று சொல்லவா வேண்டும்? கடலூர் நகரமே எல்லைக்குள் அடங்கிவிட்டது. குண்டு உப்பலவாடி, குண்டு சாலை என்ற பெயர்கள் அதன் மிச்சம்.

இதே யோசனை ஐரோப்பாவில் சட்டமாகவும் ஆனது. கரையிலிருந்து பீரங்கி எட்டும் தூரம் வரைதான் கடல் ஒரு நாட்டுக்குச் சொந்தம் என்று 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சு சட்ட அறிஞர் பைங்கர்ஷூக் எழுதினார். அது பிறகு 3 கடல் மைல் என்று நிலைத்தது. இன்று 12 கடல் மைல், சுமார் 22 கிலோமீட்டர்.

கே: வெள்ளிக் கோளைப் பார்க்கப் புதுச்சேரிக்கு வந்த விஞ்ஞானி பார்க்காமலேயே ஊர் திரும்பினாராமே?
– வாசகி, முத்தியால்பேட்டை

ப: லெ ஜாந்தீல். பாவப்பட்ட மனிதர். சூரியனுக்கு முன்னால் வெள்ளி ஒரு கரும்புள்ளியாகக் கடந்து போவதை, ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் உள்ள இடங்களிலிருந்து கடிகாரம் வைத்துக் கவனித்தால், நேர வித்தியாசத்தைக் கொண்டு சூரியன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்கிடலாம். அதற்காக 1760-ல் பிரான்ஸை விட்டுக் கிளம்பினார். 1761 ஜனவரியிலேயே புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. மாஹே பக்கம் வந்தபோதுதான் சேதி தெரிந்து கப்பல் திரும்பியது. ஜூன் 6 அன்று அவர் நடுக்கடலில். வானம் பளிச்சென்று இருந்தது, வெள்ளியையும் பார்த்தார். ஆனால் ஆடுகிற கப்பலில் ஊசல் கடிகாரம் ஓடாது, கப்பல் நிற்கும் தீர்க்கரேகையும் துல்லியமாகத் தெரியாது. பார்த்தும் பயனில்லை.

அடுத்த வாய்ப்பு 1769. வெள்ளியின் பாதை நமது பாதைக்குச் சுமார் 3.4 பாகை சாய்ந்திருப்பதால் பெரும்பாலும் அது சூரியனுக்கு மேலேயோ கீழேயோ நழுவிவிடும். எட்டு வருட இடைவெளியில் இரண்டு முறை கடக்கும். பிறகு நூறு வருடத்துக்கு மேல் இல்லை. ஆகவே ஊருக்குப் போகாமல் இந்தப் பக்கமே தங்கினார். முதலில் மணிலா, பிறகு 1768-ல் புதுச்சேரி. அதற்குள் ஊர் மீண்டும் பிரெஞ்சுக்காரர்களிடம் வந்திருந்தது. இடிந்து கிடந்த கோட்டைக்குள் கூடம் கட்டினார். சென்னையிலிருந்த ஆங்கிலேயர்களே ஒரு நல்ல தொலைநோக்கி கொடுத்தார்கள். மே மாதம் முழுக்கக் காலை வானம் தெளிவு. ஜூன் 4 விடியற்காலை மட்டும் மேகம் கவிந்தது. வெள்ளி கடந்து முடிந்த பிறகு வெயில் அடித்தது. மணிலாவில் அன்று வானம் தெளிவு! 1771-ல் வீடு போய்ச் சேர்ந்தால், அவர் இறந்துவிட்டதாக முடிவுகட்டிச் சொத்தைப் பங்குபோட ஆரம்பித்திருந்தார்கள் சொந்தக்காரர்கள். நமக்கு 2004-லும் 2012-லும் வாய்ப்பு வந்துபோனது. இனி 2117.

கே: தொலைநோக்கி இல்லாமல், காகிதம்கூட இல்லாமல் பஞ்சாங்கக்காரர்கள் கிரகணத்தைக் கணித்தது எப்படி?
– வாசகர், நெல்லிக்குப்பம்

ப: லெ ஜாந்தீல் வெறுங்கையோடு போகவில்லை, இந்த வித்தையை இங்கே கற்றுக்கொண்டுதான் போனார்.

சந்திரன் ஒரே வேகத்தில் நகராது. ஒரு நாளில் சுமார் 12 முதல் 15 பாகை வரை ஏறி இறங்கும். அந்த வேகச் சுற்று 27.55 நாளில் முடிகிறது. ஒன்பது சுற்றுக்கு 247.99 நாள், அதாவது கிட்டத்தட்ட முழுசாக 248. எனவே 248 நாளுக்கும் சந்திரன் நகர்ந்த தூரத்தை ஒருமுறை கணக்கிட்டு, நாளுக்கொரு வாக்கியமாக மனப்பாடம் செய்துகொண்டால் போதும். எண்கள் எழுத்துக்குள் ஒளிந்திருக்கும். முதல் வாக்கியம் 'கீர்ந: ச்ரேய:'. வடமொழி வரிசைப்படி இதில் வரும் 'கீ' மூன்றாவது ககரம், ஆக 3, 'ந' 0, 'ர' 2, 'ய' 1. பின்னாலிருந்து படித்தால் 1203, அதாவது 12 பாகை 3 கலை (ஒரு பாகைக்கு 60 கலை). கூட்டெழுத்தில் கடைசி மெய்யை மட்டும் எடுக்க வேண்டும். அதை மறந்தால் கணக்கே மாறிவிடும்.

ஒரு கொசுறு இடிக்கிறது. 247.99 என்பதை 248 என்று எடுப்பதால் ஒவ்வொரு 248 நாளுக்கும் 13 நிமிடம் தவறும். அதற்காக 3031 நாள், 12372 நாள் என்று பெரிய சுற்றுகளையும் வைத்திருந்தார்கள். 3031 நாளில் 110 வேகச் சுற்று அநேகமாகப் பிசகின்றி முடிகிறது. வேலை இதுதான்: தொடக்க நாளிலிருந்து கடந்த நாட்களை 12372-ஆல் வகு, மிச்சத்தை 3031-ஆல், அதன் மிச்சத்தை 248-ஆல். கடைசி மிச்சம் எத்தனையோ அத்தனையாவது வாக்கியம். கூட்டல் கழித்தல் எல்லாம் தரையில் வைத்த சோழிகளில்.

எவ்வளவு சரியாக வந்தது? 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் நீடித்த நேரத்தில் தமிழ்க் கணக்கு 41 வினாடி பிசகியது. ஐரோப்பிய வானியலாளர் டோபியாஸ் மேயரின் சந்திர அட்டவணை 68 வினாடி. இந்த வரியை மட்டும் மேற்கோள் காட்டி மார்தட்டுகிறவர்கள் மறைப்பது இன்னொன்று: 1825-ல், இந்தியக் காலக் கணக்குகளை ஆராய்ந்த ஜான் வாரன் முன்னிலையில் புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் சோழியில் போட்ட கிரகணக் கணக்கு, தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23, முடிவில் 52 நிமிடம் தவறியது. அவருக்குக் கோட்பாடு எதுவும் தெரியாது, எல்லாம் மனப்பாடம் என்கிறார் வாரன். அப்படியும் இவ்வளவு நெருங்கியதைத்தான் நாங்கள் பெரிதாகச் சொல்வோம். வாக்கியப் பஞ்சாங்கத்தில் ஒரு நாள், திருக்கணிதத்தில் இன்னொரு நாள் என்று இப்போதும் பெயர்ச்சிகளுக்குத் தகராறு வருவது இந்தப் பழைய எண்களால்தான்.

கே: சுதந்திர தினம் முடிந்த மறுநாளும் புதுச்சேரியில் கொடி ஏற்றுவது ஏன்?
– வாசகர், பண்ருட்டி

ப: 1954 அக்டோபர் 18-ல் கீழூரில் வாக்கெடுப்பு: 178 பிரதிநிதிகளில் 170 பேர் பிரெஞ்சு ஆட்சியை விட்டு இந்தியாவோடு இணைய ஆதரவு. நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. பிரெஞ்சு நாடாளுமன்ற ஒப்புதலோடு சட்டப்படி முழுமையானது 1962 ஆகஸ்ட் 16-ல்தான்.

கே: அரிக்கமேட்டுக் கண்ணாடி மணிகள் கடுகளவு இருக்கின்றன. அதில் எப்படித் துளை போட்டார்கள்?
– வாசகி, அரியாங்குப்பம்

ப: போடவே இல்லை. முதலில் துளை, பிறகுதான் மணி. உருகிய கண்ணாடியை நீண்ட இரும்புக் குழாயின் நுனியில் கூம்பாகத் திரட்டி, நடுவில் கம்பியால் துளைத்து, உலைக்குள் வைப்பார்கள். எதிர்ப்பக்கத் துவாரம் வழியாக ஒருவர் கொக்கியால் நுனியைப் பிடித்து இழுப்பார். கூம்பில் இருந்த துளை, இழுபடும் இழையிலும் அப்படியே தொடரும். வேகமாக இழுத்தால் நூலாய் மெலியும், மெதுவாக இழுத்தால் தடிக்கும். உலைச் சூடு குறைந்தால் இழை முறியும். ஆறியதும் குழல்களைக் கற்றையாகப் பிடித்துக் கத்தியில் நறுக்கி, சாம்பலில் புரட்டி, மறுபடி சூடேற்றிக் கிளறுவார்கள். கூர்மையான ஓரங்கள் மழுங்கி உருண்டை வரும். சாம்பல் இல்லாவிட்டால் துண்டுகள் ஒட்டிக்கொள்ளும், துளையும் அடைபடும். திருப்பதிக்கு அருகே பாப்பாநாயுடுபேட்டையில் இந்தத் தொழில் நம் காலம் வரை நீடித்திருக்கிறது.

உங்களிடம் பழைய மணி இருந்தால் லென்ஸ் வைத்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் குமிழிகளும் கோடுகளும் துளையின் போக்கிலேயே நீண்டிருந்தால் இழுத்துச் செய்தது; துளையைச் சுற்றி வளைந்திருந்தால் கம்பியில் சுற்றிச் செய்தது. அதற்காக அரிக்கமேட்டுக்குப் போய்ப் பொறுக்கிவிடாதீர்கள். மழைக்குப் பிறகு மண்ணில் பளபளவென்று தெரிந்தாலும் அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம்.