பற்பசைக் கறை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பற்பசை பற்றி இம்முறை வந்துள்ள கேள்விகள் பலவற்றில், பசையால் விளைந்த சேதத்தைவிட அதைப் போக்கச் செய்த வைத்தியத்தால் விளைந்த சேதமே அதிகமாக இருக்கிறது. எனவே, கறையை எடுக்கும் முறையோடு எதைச் செய்யக்கூடாது என்பதையும் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கேள்வி: மகனின் கருநீலச் சீருடைக் கால்சட்டையில் பற்பசை சிந்திவிடுகிறது. துவைத்தவுடன் கறை போய்விட்டதாகத் தெரிகிறது. காய்ந்ததும் அதே இடத்தில் வெள்ளையாகத் திரும்பிவிடுகிறது. ஏன்?

கறை திரும்பி வரவில்லை, அது போகவே இல்லை. பற்பசையில் நீர், சர்பிட்டால் அல்லது கிளிசரின், நுரை தரும் பொருள், வாசனை எண்ணெய் ஆகியவற்றோடு பல்லைத் தேய்ப்பதற்கான நுண்ணிய கல் தூளும் இருக்கிறது. மற்றவை நீரில் எளிதாகக் கரைந்துவிடும். தூள் மட்டும் நூலிழைகளுக்கு இடையில் தங்கிவிடும். துணி ஈரமாக இருக்கும்போது அந்தத் தூளின் வெண்மை கண்ணுக்குப் புலப்படாது. ஈரம் போனதும் வெளிப்படும்.

பசை காய்ந்துவிட்டிருந்தால் முதலில் தண்ணீர் படாமல் கரண்டியின் மழுங்கிய விளிம்பால் சுரண்டி, உலர்ந்த பழைய பல்துலக்கியால் தூளைத் தட்டி எடுங்கள். ஈரமாக இருந்தால், ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வழித்தெடுங்கள். கையால் தேய்த்தால் தூள் இன்னும் ஆழமாக இறங்கும். பிறகு துணியை உட்புறம் திருப்பி, கறையின் பின்பக்கத்திலிருந்து குழாய் நீரைப் பாய்ச்சுங்கள். வந்த வழியே தூளை வெளியேற்றுவதுதான் இதன் நோக்கம். பசையிலேயே நுரை தரும் பொருள் இருப்பதால் சோப்பு ஒரு துளி போதும். நுரை முற்றிலும் நிற்கும்வரை அலசுவது முக்கியம்.

இதற்குப் பின்னும் வெண்படலம் தெரிந்தால், ஒரு பங்கு வெள்ளை வினிகரை இரண்டு பங்கு தண்ணீரில் கலந்து, முதலில் உள்மடிப்பில் ஓரிடத்தில் தொட்டுச் சாயம் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, கறையின் மேல் ஒற்றி ஐந்து நிமிடம் விட்டு அலசுங்கள். உங்கள் பசையில் உள்ளது கால்சியம் கார்பனேட் என்றால் அது வினிகரில் கரைந்துவிடும். கண்ணாடி போன்ற ஜெல் பசைகளில் இருப்பது சிலிக்கா. அது வினிகருக்கு அசையாது என்பதால், அங்கே மென்மையான துலக்கியும் ஓடும் நீரும்தான் வழி. நிழலில் நன்றாகக் காயவைத்துப் பார்த்த பிறகே இஸ்திரி போடுங்கள்; ஜெல்லின் நிறமி எஞ்சியிருந்தால் சூடு பட்டதும் அது நிலைத்துவிடக்கூடும்.

கேள்வி: காஞ்சிபுரம் பட்டுச் சேலையின் கரையில் பற்பசை பட்டது. ஈரத்துணியால் துடைத்ததில் இப்போது வளையம் போன்ற ஒரு தடம் தெரிகிறது. எலுமிச்சைச் சாறு தடவலாமா?

வேண்டவே வேண்டாம். புளிப்பு ஜரிகையின் பளபளப்பைக் கெடுக்கும்; சமையல் சோடா போன்ற காரம் பட்டு இழையையே நலிவுறச் செய்யும். நீங்கள் காணும் வளையம் பெரும்பாலும் தண்ணீர் விட்ட தடம்: நனைந்த இடத்தில் கரைந்த பசையும் துணியின் மேல் பூச்சும் ஈரம் பரவிய எல்லைவரை சென்று அங்கே படிந்துவிட்டன. மீண்டும் நனைத்தால் வளையம் பெரிதாகும். சேலையை அப்படியே காயவிட்டு, தூள் இருந்தால் மிக மென்மையான உலர்ந்த துணியால் தட்டிவிட்டு, டிரை கிளீனிங் செய்பவரிடம் கொடுங்கள். கறை எதனால் ஏற்பட்டது, அதன்மேல் என்ன பட்டது என்பதையும் சொல்லுங்கள். அதை வைத்துத்தான் அவர் கரைப்பானைத் தேர்ந்தெடுப்பார்.

கேள்வி: நீலத் துண்டுகளில் ஆரஞ்சு நிறப் புள்ளிகள் தோன்றியுள்ளன. பற்பசைதான் காரணம் என்று நினைக்கிறேன். எப்படிப் போக்குவது?

உங்கள் வீட்டில் முகப்பருவுக்குக் களிம்பு பூசுபவர் யாரேனும் இருக்கிறார்களா என்று பாருங்கள். அத்தகைய களிம்புகள் பலவற்றில் உள்ள பென்சாயில் பெராக்சைடு, துணியின் சாயத்தை வெளுத்துவிடும் இயல்புடையது; முகம் துடைத்த துண்டுகளிலும் தலையணை உறைகளிலும் இதே ஆரஞ்சுப் புள்ளிகள் தெரியும். ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த வெண்மையாக்கும் பற்பசைகளும் இவ்வாறு செய்யக்கூடும் என்றாலும், சாதாரணப் பசைக்கு இந்தத் திறன் இல்லை. இது துணியில் ஒட்டிய கறை அல்ல, துணி இழந்த சாயம். எனவே எந்தச் சலவையாலும் மீளாது. களிம்பு பூசுபவருக்கு வெள்ளைத் துண்டைக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: பல் மருத்துவர் கொடுத்த வாய்க்கொப்பளிப்பு மருந்து வெள்ளைத் துண்டில் சிந்தியது. பிளீச்சில் ஊறவைத்ததும் இல்லாத பழுப்புக் கறை உண்டாகிவிட்டது.

அந்த மருந்து குளோர்ஹெக்சிடினாக இருக்க வேண்டும். அது பருத்தி இழையில் உறுதியாகப் பற்றிக்கொள்ளும். அதன்மேல் குளோரின் பிளீச் பட்டால் வினைபுரிந்து பழுப்பு நிறத்தைத் தரும், அந்த நிறம் பெரும்பாலும் நிரந்தரமானது. மருத்துவமனைச் சலவைக் கூடங்களில் இது பழைய தலைவலி. இனி இந்த மருந்து சிந்தினால் உடனே நிறையத் தண்ணீரில் அலசிவிட்டு, குளோரின் இல்லாத சலவைத்தூளால் துவையுங்கள்.

கேள்வி: சிவப்பு நிற மூலிகைப் பற்பசை வெள்ளை வேட்டியில் பட்டுவிட்டது.

அத்தகைய பசைகள் சிலவற்றின் நிறம் காவிக்கல் தூளிலிருந்து வருகிறது. காவி என்பது இரும்பு ஆக்சைடு. பிளீச்சால் அதை ஒன்றும் செய்ய இயலாது. காய்ந்த தூளைத் தட்டிவிட்டு, பின்பக்கத்திலிருந்து நீர் பாய்ச்சி, சலவைச் சோப்பை அழுத்தித் தடவி அரை மணி நேரம் ஊறவைத்துக் கசக்குங்கள். பொறுமையாக இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும். மங்கலாக எஞ்சும் தடத்துக்கு, சாயமில்லாத வெள்ளைப் பருத்தியானால், எலுமிச்சைச் சாறு தடவிப் பார்க்கலாம். ஜரிகைக் கரையில் மட்டும் அது படக்கூடாது.

கேள்வி: வாஷ்பேசின் பதித்த கடப்பா கல்லில் பற்பசை உறைந்திருந்தது. வினிகர் ஊற்றித் தேய்த்தேன். இப்போது கல்லே வெளுத்துவிட்டது.

கடப்பா கல் சுண்ணாம்புக்கல் வகையைச் சேர்ந்தது. பற்பசையில் உள்ள சுண்ணாம்புத் தூளைக் கரைக்கும் அதே வினிகர் கல்லின் மேற்பரப்பையும் அரித்துவிடுகிறது. நீங்கள் இப்போது பார்ப்பது பசையின் எச்சம் அல்ல, மெருகு போன இடம். எண்ணெய் தடவினால் சில நாள்களுக்கு மறையும். உண்மையான தீர்வு கல்லுக்கு மீண்டும் மெருகேற்றுவதுதான். பளிங்கு, ஆத்தங்குடி ஓடுகள், சிமெண்டில் இழைத்த சிவப்புத் தரை ஆகிய எல்லாவற்றுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். இவற்றில் உறைந்த பசையின் மேல் வெந்நீரில் நனைத்த துணியைச் சில நிமிடம் போட்டு வைத்தால் அது இளகிவிடும். பிறகு மரக்கரண்டியோ பழைய பிளாஸ்டிக் அட்டையோ போதும்.

கேள்வி: கண்ணாடி முழுவதும் பசைத் தெறிப்புகள், துடைத்தால் மேகம் படர்ந்ததுபோல் ஆகிறது.

ஒரே துணியால் துடைப்பதால் தூள் இழுபடுகிறது. ஈரத்துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, இன்னொரு உலர்ந்த துணியால் துடையுங்கள். எந்தத் திரவத்தையும் கண்ணாடியின் மேல் நேரடியாகத் தெளிக்காதீர்கள். அது வழிந்து அடிவிளிம்பில் தேங்கி, பின்புறம் ஏறி ரசத்தைக் கறுக்கச் செய்யும்.

கேள்வி: குழாயின் அடியில் கல் போன்ற படிவு, வாஷ்பேசினிலும் தண்ணீர் மெதுவாகவே இறங்குகிறது. பிளீச்சிங் பவுடர் போட்டுவிட்டு, அது பலிக்காவிட்டால் ஆசிட் ஊற்றலாமா?

இரண்டையும் ஒருபோதும் ஒன்றாகவோ ஒன்றன்பின் ஒன்றாகவோ பயன்படுத்தாதீர்கள். கலந்தால் குளோரின் வாயு வெளியேறும். காற்றோட்டமில்லாத குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. ஆசிட் தனியாகப் பட்டாலும் குழாயின் குரோம் பூச்சு கெடும். குழாய்ப் படிவு என்பது கடின நீரின் சுண்ணாம்பும் பசைத்தூளும் சேர்ந்து இறுகியது. வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து நனைத்த துணியைக் குழாயில் கால் மணி நேரம் சுற்றிவைத்து, அலசி, உலரத் துடையுங்கள். இரவு முழுவதும் விட்டுவிட வேண்டாம், கீழே கடப்பா கல் இருந்தால் அதில் சொட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடைப்புக்கு மருந்தே தேவையில்லை. பேசினுக்கு அடியில் புட்டி வடிவில் இருக்கும் பகுதியில்தான் முடியும் சோப்பும் பசைத்தூளும் சேறாகத் தங்கும். கீழே வாளி வைத்து, அதன் அடிப்பாகத்தைக் கையால் திருகிக் கழற்றி, சேற்றை அகற்றிக் கழுவுங்கள். திருப்பி மாட்டும்போது ரப்பர் வாஷர் இடத்தில் அமர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தண்ணீரைத் திறந்து கசிவு இல்லை என்று உறுதி செய்த பிறகே வாளியை எடுங்கள்.