போத்தலில் குமிழ் வந்தால் பயப்படவேண்டுமா?

கேள்வி: மாங்குளத்துக்குக் கிட்ட ஏ9 வீதியில் மாடு குறுக்கே பாய்ந்து, தம்பி மோட்டார் சைக்கிளோடு விழுந்துவிட்டான். ஹாண்டில் நெஞ்சில் இடித்ததாகச் சொன்னான், ஆனால் ஒரு சிராய்ப்புக்கூட இல்லை. நோ எண்ணெய் பூசிப் படுக்கவைத்தோம். இரவு மூச்செடுக்க முடியாமல் துடித்தான். நுரையீரல் சுருங்கிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் விலாவுக்குள் குழாய் போட்டிருக்கிறார்கள். குழாயின் மறுமுனை இருக்கும் தண்ணீர்ப் போத்தலில் குமிழ் குமிழாக வருகிறது. காயமே இல்லாமல் இப்படி வருமா? அடுத்த மாதம் வெளிநாடு போக டிக்கெட்டும் போட்டாயிற்று.
வாசகி, விசுவமடு

பதில்: வரும், தங்கச்சி. வெளியில் தோல் கிழியாவிட்டாலும் உள்ளே முறிந்த விலா எலும்பின் முனை நுரையீரலைக் குத்தினால் போதும், காற்று கசிந்து நுரையீரலுக்கும் நெஞ்சுச் சுவருக்கும் இடையில் சேரும், சேரச் சேர நுரையீரல் சுருங்கும். சிலருக்கு உள்ளே போன காற்று திரும்பி வர வழியில்லாமல் அமுக்கம் ஏறி இதயத்துக்கு வரும் இரத்தத்தையே தடுத்துவிடும். மூச்சு வாங்குவது கூடிக்கொண்டே போகும், ஒரு பக்க நெஞ்சில் மூச்சுச் சத்தம் கேட்காது, இரத்த அழுத்தம் விழும், கழுத்து நரம்பு புடைக்கலாம். மூச்சுக்குழாய் ஒரு பக்கம் விலகுவது கடைசியில்தான் தெரியும், அதற்காகக் காத்திருக்கக்கூடாது. அந்த நிலையில் நல்ல வைத்தியர் எக்ஸ்ரேக்குக்கூட அனுப்பமாட்டார், உடனே ஊசி குத்திக் காற்றை வெளியேற்றிவிட்டுத்தான் குழாய் போடுவார். முன்பு காறை எலும்புக்குக் கீழே குத்துவார்கள். பெரியவர்களுக்கு அங்கே சதை தடிப்பென்பதால், 2018இல் வந்த ஏ.டி.எல்.எஸ். (விபத்தில் காயப்பட்டவர்களைப் பார்க்கும் வைத்தியர்களுக்கான பயிற்சி வழிகாட்டி) பதிப்பு கக்கத்துக்குக் கீழே 4ஆம், 5ஆம் விலா இடைவெளியைச் சொல்கிறது.

குமிழைப் பார்த்துப் பயப்படாதீர்கள், வெளியேறவேண்டிய காற்றுத்தான் வெளியேறுகிறது. இருமும்போது அதிகமாக வரும், மூச்சோடு குழாய்த் தண்ணீர் ஏறி இறங்கும். நாட்கணக்கில் விடாமல் குமிழ் வந்தாலோ ஏற்ற இறக்கம் சட்டென்று நின்றாலோ தாதியிடம் சொல்லுங்கள், குழாய் மடிந்து கிடந்தாலும் நிற்கும். பார்க்க வருகிற சொந்தக்காரர் போத்தலைத் தூக்கிக் கட்டிலில் வைப்பார்கள் (எங்கள் ஆட்களுக்கு ஒழுங்குபடுத்தாவிட்டால் கை நிற்காது!), விடவேண்டாம். அது எப்போதும் நெஞ்சுக்குக் கீழேதான் இருக்கவேண்டும். குழாயை நீங்களாக அடைக்கவும் கூடாது.

நோ எண்ணெய் மேல் எனக்குக் கோபமில்லை, அது போன நேரத்தின் மேல்தான் கோபம். நெஞ்சில் அடிபட்டு மூச்சு வாங்கினால் 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள், 2018 முதல் வடக்கிலும் இலவசமாக ஓடுகிறது. கழுத்து, முதுகில் அடியில்லையென்றால் சாய்ந்து உட்காரவிடுங்கள். நெஞ்சைச் சேலையால் இறுக்கிக் கட்டவேண்டாம், குத்தி நிற்கும் கம்பியோ தடியோ இருந்தால் பிடுங்கவும் வேண்டாம்.

டிக்கெட் விஷயம்: நுரையீரல் முழுதாக விரிந்துவிட்டது என்று எக்ஸ்ரேயில் உறுதியான பிறகும் குறைந்தது 2 கிழமையாவது போகட்டும். விமானம் மேலே ஏறும்போது உள்ளே மிச்சமிருக்கும் காற்று விரியும். திகதியை இப்போதே தள்ளிப் போடுங்கள், நாளை வைத்தியரிடமும் கேட்டுவிடுங்கள்.