பேஸ்மேக்கர் பேட்டரி தீர்கிறது: மறுபடியும் ஆபரேஷனா?

கேள்வி: எனக்கு 63 வயது. இதயத்துடிப்பு மிகவும் குறைந்ததால் 9 வருடங்களுக்கு முன் பேஸ்மேக்கர் வைத்தார்கள். பேட்டரி தீரப்போகிறது, 3 மாதத்துக்குள் மாற்ற வேண்டும் என்று இப்போது சொல்கிறார்கள். அதைக் கேட்டதிலிருந்து தூக்கமே இல்லை. பழையதைக் கழற்றும்போது இதயம் நின்றுவிடாதா? பேட்டரியை மட்டும் மாற்ற முடியாதா?

மருத்துவர் பதில்: முடியாது. டைட்டானியக் கூட்டுக்குள் பேட்டரியையும் சர்க்யூட்டையும் சேர்த்து மூடி ஒட்டியிருப்பார்கள். அதனால் பெட்டியோடுதான் மாற்ற வேண்டும். ஆனால் இதயத்துக்குள் போகும் லீடு என்ற கம்பிகள் நன்றாக வேலை செய்தால் அவை அப்படியே இருக்கும். முதல் தடவை சிரமம் கொடுத்ததே அந்தக் கம்பிகளை ரத்தக்குழாய் வழியாக நுழைத்துப் பொருத்தும் வேலைதான். இம்முறை தோலை மரத்துப்போகச் செய்து, பழைய தழும்பு இருக்கும் பக்கமே திறந்து, பெட்டியை மாற்றித் தைத்துவிடுவார்கள். பெரும்பாலும் ஒரு மணி நேர வேலை. கம்பியில் பழுது தெரிந்தால் மட்டும் நேரம் கூடும். அதற்கு வாய்ப்பு உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இதயம் நின்றுவிடுமோ என்ற பயம் அர்த்தமில்லாதது அல்ல. டாக்டர்களும் அதைத்தான் முதலில் யோசிப்பார்கள். பேஸ்மேக்கரின் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, உங்கள் இதயம் தானாகத் துடிக்கிறதா என்று பார்ப்பார்கள். துடித்தால், கம்பியைப் பழைய பெட்டியிலிருந்து கழற்றிப் புதியதில் செருகி திருகாணியை முடுக்கும் அந்தச் சில நொடிகள் ஒன்றும் செய்யாது. துடிக்கவில்லை என்றால் தற்காலிக பேஸிங்குக்கு, அதாவது அந்த நேரத்துக்கு மட்டும் வேறு கருவியால் இதயத்தைத் துடிக்க வைப்பதற்கு, முதலிலேயே ஏற்பாடு செய்துவிட்டுத்தான் கழற்றுவார்கள். "நான் முழுக்க பேஸ்மேக்கரை நம்பியிருப்பவனா? அப்படியானால் என்ன ஏற்பாடு?" என்று நேராகவே கேளுங்கள்.

என்னைக் கேட்டால், கவலைப்பட வேண்டியது கிருமித்தொற்றுக்குத்தான். முதல் தடவையைவிட மாற்றும்போது அதற்கு வாய்ப்பு சற்று அதிகம். கீறுவதற்கு முன் ஆன்டிபயாடிக் ஊசி போடுவார்கள். காய்ச்சலோ உடம்பில் எங்காவது சீழ்க்கட்டியோ இருந்தால் மறைக்காதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர் என்றால் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், தொடரவும் வேண்டாம். டாக்டர் சொல்கிறபடி செய்யுங்கள். பிறகு காயம் சிவந்தாலோ, வீங்கினாலோ, நீர் கசிந்தாலோ பேஸ்மேக்கர் வைத்த டாக்டரிடமே போங்கள். வேறு யாரும் ஊசி குத்தி நீரை எடுக்க விடாதீர்கள்.

1958-இல் உலகிலேயே முதன்முதலாக உடலுக்குள் பேஸ்மேக்கர் வைக்கப்பட்டவர் ஸ்வீடனின் ஆர்னே லார்சன். அந்த முதல் கருவி சில மணி நேரம்தான் ஓடியது. அப்புறம் வாழ்நாளில் இருபதுக்கும் மேற்பட்ட கருவிகள் மாற்றிக்கொண்டு 86 வயது வரை வாழ்ந்தார். நீங்கள் இரண்டாவதுக்குத்தான் போகிறீர்கள்!

பதற்றத்தை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், லேசாகத் தூக்கம் வர மருந்து கொடுப்பார்கள். பேட்டரி முழுதாகத் தீர்வதற்குச் சில மாதங்கள் முன்பே கருவி அறிவித்துவிடும் என்பதால் இன்றே ஓட வேண்டாம். ஆனால் பயத்தில் தள்ளிப்போடவும் கூடாது. இடையில் தலைசுற்றலோ மயக்கமோ வந்தால், குறித்த தேதிக்குக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.