வேதத்தில் வாள் இருக்கிறதா?

கேள்வி: 'எல்லா மதமும் அன்பைத்தான் போதிக்கிறது' என்கிறார்கள். வேத நூல்களில் வெட்டு, கொல் என்றும் இருக்கிறதே! இதற்கு என்ன சமாதானம் சொல்கிறார்கள்?

பதில்: இருக்கிறது. இல்லையென்று சாதிப்பவர் நூலைப் படிக்காதவர், அல்லது உங்களை ஏமாற்றுகிறவர். இருப்பதை ஒப்புக்கொண்டு அதன் கையைக் கட்டிப்போட்டவர்கள்தான், எந்த மதத்தில் இருந்தாலும், என் மரியாதைக்கு உரியவர்கள்.

அடங்காத மகனை ஊரார் கல்லெறிந்து கொல்ல வேண்டும் என்கிறது, யூதருக்கும் கிறிஸ்தவருக்கும் பொதுவான வேத நூலான உபாகமம், 21-ஆம் அதிகாரத்தில். யூத மத குருக்களான ரபிகள் அந்த வசனத்தை அழிக்கவில்லை. நிபந்தனைக்கு மேல் நிபந்தனை போட்டார்கள். அவன் திருடித் தின்ற இறைச்சி இவ்வளவு, குடித்த மது இவ்வளவு என்று அளவு வைத்தார்கள். தாய், தகப்பன் இருவருமே சம்மதிக்க வேண்டும் என்றார்கள். அந்த இருவருக்கும் குரல், தோற்றம், உயரம் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றார் ரபி யூதா. யாரால் முடியும்? 'அப்படி ஒரு மகன் இருந்ததுமில்லை, இருக்கப்போவதுமில்லை' என்கிறது ரபிகளின் விவாதங்களைத் தொகுத்த தல்மூத். 'நான் பார்த்தேன், அவன் கல்லறைமேல் உட்கார்ந்தேன்' என்று ஒரு ரபி மறுத்ததையும் அங்கேயே பதிந்து வைத்திருக்கிறார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கிறது.

'இணைவைப்போரைக் கண்ட இடத்தில் கொல்லுங்கள்' என்ற குர்ஆன் 9:5 தீவிரவாதிக்கும் மனப்பாடம், இஸ்லாத்தை வெறுப்பவனுக்கும் மனப்பாடம். இருவருமே அடுத்த வசனத்துக்குப் போவதில்லை. அவர்களில் ஒருவன் அடைக்கலம் கேட்டால் கொடு, இறைவாக்கைக் கேட்கவிட்டு, அவனுக்குப் பாதுகாப்பான இடத்தில் கொண்டுபோய்ச் சேர் என்கிறது 9:6.

கீதையின் போர் மனதுக்குள் நடப்பது என்று படித்தார் காந்தி. அவரைக் கொன்ற கோட்சே, நீதிமன்றத்தில் கிருஷ்ணனையும் அர்ச்சுனனையும் தன் பக்கம் சாட்சிக்கு அழைத்தார்.

வசனமே இல்லாவிட்டாலும் வாள் வந்துவிடும். புத்தர் கொல்லாமையைச் சொன்னார். பல நூற்றாண்டு கழித்து எழுதப்பட்ட இலங்கைப் பௌத்த வரலாற்று நூலான மகாவம்சத்திலோ, போரில் விழுந்தவர்களை எண்ணி வருந்திய துட்டகைமுனு மன்னனிடம், அவர்களில் மனிதர் ஒன்றரைப் பேர்தான், புத்த நெறியை ஏற்காத மற்றவர்கள் விலங்குக்குச் சமம் என்று துறவிகளே ஆறுதல் சொல்கிறார்கள்.

மறைப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. கத்தோலிக்கக் குருக்களும் துறவிகளும் அன்றாடம் சொல்லும் செபநூல் 1971-ல் திருத்தி வெளிவந்தபோது, சாபம் நிறைந்த 58, 83, 109-ஆம் திருப்பாடல்களை விட்டுவிட்டார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் பைபிளில் அவை அப்படியே இருக்கின்றன. குருவிடம் அவற்றுக்கு விளக்கம் கேட்க வழியில்லாத இளைஞனுக்கு, வெறுப்பைப் பரப்புகிறவன் தன் விளக்கத்தோடு காத்திருக்கிறான்.