ஜெர்மனியில் ஒரு செமஸ்டர்: புறப்படும் முன் ஒரு தாயின் கேள்விகளுக்குப் பதில்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

மூன்றாம் ஆண்டு இயந்திரப் பொறியியல் படிக்கும் உங்கள் மகள், மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஐந்தாம் செமஸ்டரை ஜெர்மனியில் படிக்கத் தேர்வாகியிருப்பதாகவும், அக்டோபரில் வகுப்புகள் தொடங்குவதாகவும் எழுதியிருந்தீர்கள். கடிதத்தில் இருந்த பதினோரு கேள்விகளில் ஏழு குளிர், சாப்பாடு, பாதுகாப்பு பற்றியவை. அவற்றை நான் சிறிய கவலைகளாக நினைக்கவில்லை. கீழே பதில் சொல்கிறேன். ஆனால் இப்படிப் போய்வந்த மாணவர்களிடம் நான் கண்ட பெரிய சிக்கல்கள் பெரும்பாலும் குளிராலோ சாப்பாட்டாலோ வந்தவை அல்ல. புறப்படுவதற்கு முன் சொந்தக் கல்லூரியில் எழுத்துமூலம் வாங்காமல் விட்ட ஒப்புதலால் வந்தவை. ஆகவே நீங்கள் பதினோராவதாகக் கேட்ட கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன்: அங்கே எழுதும் தேர்வு இங்கே செல்லுமா?

தானாகச் செல்லாது, செல்லும்படி முன்கூட்டியே செய்துகொள்ள வேண்டும். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் ஒரு செமஸ்டருக்கு 30 கிரெடிட் என்பது கணக்கு. ஒரு கிரெடிட் என்பது, வகுப்பு, வீட்டுப் படிப்பு, தேர்வுத் தயாரிப்பு எல்லாம் சேர்த்து 25 முதல் 30 மணி நேர உழைப்பு. நம் கல்லூரிகளில் வாரத்துக்கு எத்தனை மணி நேர வகுப்பு என்பதை வைத்தே கிரெடிட் கணக்கிடுவதால், இரண்டு எண்களையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. அங்கே படிக்கப்போகும் ஒவ்வொரு பாடமும் இங்குள்ள எந்தப் பாடத்துக்கு ஈடாகும், எத்தனை கிரெடிட் தருவார்கள், மதிப்பெண் சிஜிபிஏ எனப்படும் ஒட்டுமொத்தச் சராசரிக் கணக்கில் சேருமா அல்லது தேர்ச்சி என்று மட்டும் குறிப்பார்களா என்ற மூன்றையும் ஒரே தாளில் எழுதி, துறைத் தலைவரும் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரும் கையெழுத்திட்டுத் தர வேண்டும். அங்கே படிக்கும் பாடங்களை முன்கூட்டியே ஒப்புக்கொள்ளும் லேர்னிங் அக்ரிமெண்ட் என்ற படிவம் வழக்கமாக இருக்கும். ஆனால் அது பெரும்பாலும் பாடங்களின் பட்டியலோடு நின்றுவிடும். நான் சொல்லும் தாள் அதற்கு மேலானது. "போய்வாம்மா, பார்த்துக்கொள்ளலாம்" என்று பேராசிரியர் அன்போடு சொல்லும் சொல்லை நம்பிப் புறப்பட வேண்டாம். மகள் திரும்பும்போது அந்தப் பொறுப்பில் வேறொருவர் இருக்கக்கூடும்.

இதை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு மாணவர் அங்கே நல்ல மதிப்பெண்ணோடு ஐந்து பாடங்களை முடித்துத் திரும்பினார். ஜெர்மனியிலிருந்து அவருடைய மதிப்பெண் பட்டியல் வந்துசேரச் சில வாரங்கள் ஆயின. அதற்குள் இங்கே வெளியான மதிப்பெண் பட்டியலில் அந்த ஐந்து பாடங்களும் அரியர் என்று பதிவாகிவிட்டன. வளாக நேர்காணலுக்கு வரும் பல நிறுவனங்கள் நிலுவை அரியர் உள்ளவர்களை முதல் வடிகட்டலிலேயே விலக்கிவிடுகின்றன. பிழை பின்னர் சரிசெய்யப்பட்டது என்றாலும், அதற்குள் வந்துபோன இரண்டு நிறுவனங்களின் தேர்வுகளில் அவரால் உட்காரக்கூட முடியவில்லை. படித்த பாடத்துக்கு அரியர் என்ற பெயரைச் சுமந்த அந்தப் பையனின் முகம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. பட்டியல் வரும்வரை "முடிவு நிறுத்திவைக்கப்பட்டுள்ளது" என்று மட்டுமே குறிக்க வேண்டும் என்ற ஒரு வரி அந்தத் தாளில் இருந்திருந்தால் போதுமாயிருந்தது.

பாடங்களைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஜெர்மனியில் ஆங்கிலத்தில் நடத்தப்படும் பாடங்கள் முதுநிலையில்தான் அதிகம். இளநிலை வகுப்புகள் பெரும்பாலும் ஜெர்மன் மொழியிலேயே நடக்கின்றன. பரிமாற்ற மாணவர்களுக்கான ஆங்கிலப் பாடங்களின் பட்டியலை அந்தப் பல்கலைக்கழகத்திடமிருந்து வாங்கி, அவற்றில் இங்குள்ள பாடங்களுக்கு ஈடானவை எத்தனை என்று மகளையே எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். தேவைக்கு மேல் இரண்டு மாற்றுப் பாடங்களுக்கும் இப்போதே ஒப்புதல் வாங்கிவைப்பது நல்லது. அங்கே போன பிறகு ஒரு பாடம் அந்த செமஸ்டரில் நடக்கவில்லை என்றோ இரண்டு பாடங்களின் நேரம் மோதுகிறது என்றோ தெரியவருவது அடிக்கடி நிகழ்வதுதான்.

அடுத்தது நாட்காட்டி. உங்கள் கடிதத்தில் இதைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. ஆனால் எனக்கு இதுதான் கவலை. ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் குளிர்கால செமஸ்டரின் வகுப்புகள் அக்டோபர் நடுவில் தொடங்கிப் பிப்ரவரி வரை நீள்கின்றன. தேர்வுகள் அதன் பிறகும் நடக்கலாம். நம் கல்லூரியிலோ ஆறாம் செமஸ்டர் ஜனவரியிலேயே தொடங்கிவிடும். ஆக, மகள் அங்கே தேர்வு எழுதிக்கொண்டிருக்கும் வாரங்களில் இங்கே வருகைப்பதிவு குறைந்துகொண்டே வரும். 75 சதவீத வருகை விதி அவரை ஆறாம் செமஸ்டர் தேர்விலிருந்து தடுத்துவிடக்கூடும். அந்த வாரங்களைப் பணிநிமித்த விடுப்பாகக் கருதுவோம் என்று கல்லூரி எழுத்தில் தர வேண்டும். இதற்குப் பதிலாக ஏப்ரலில் தொடங்கும் கோடைகால செமஸ்டருக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று சிலர் கேட்பார்கள். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அதன் தேர்வுகள் ஜூலை, ஆகஸ்ட் வரை போகும். இங்கே ஏழாம் செமஸ்டரும் வளாக நேர்காணல்களும் தொடங்கும் காலம் அது. வேலைவாய்ப்பு என்ற கோணத்தில் பார்த்தால் ஐந்தாம் செமஸ்டரே சரியான நேரம். மகள் போகவிருப்பது ஃபாக்ஹோக்ஷூலே எனப்படும் பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகமாக இருந்தால் வகுப்புகள் சற்று முன்னதாகவே தொடங்கி முன்னதாகவே முடியும். மோதலும் அந்த அளவுக்குக் குறையும்.

அங்குள்ள தேர்வு முறையையும் அவர் முன்பே அறிந்திருக்க வேண்டும். இங்கே இருப்பதுபோல் அகமதிப்பீட்டு மதிப்பெண் கைகொடுக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. பல பாடங்களில் கடைசித் தேர்வு ஒன்றுதான் முழு மதிப்பெண்ணையும் தீர்மானிக்கிறது. விரிவுரை வகுப்புகளுக்கு வராவிட்டால் பெரும்பாலும் யாரும் கேட்க மாட்டார்கள். அதைவிட முக்கியமாக, பாடத்தில் சேர்ந்தால் மட்டும் போதாது, தேர்வுக்கும் தனியாகக் குறித்த தேதிக்குள் பதிவு செய்ய வேண்டும். தேதி தவறினால் தேர்வு எழுத முடியாது. மதிப்பெண் முறையும் தலைகீழானது: 1.0 மிகச் சிறந்தது, 4.0 தேர்ச்சியின் கடைசி எல்லை, 5.0 தோல்வி. மகள் 1.3 வாங்கியதாகச் சொன்னால் பதற வேண்டாம். 50 தேர்ச்சி, 100 முழு மதிப்பெண் என்ற நம் அளவுகோலுக்கு, ஜெர்மானியர் பயன்படுத்தும் மாற்றுச் சூத்திரத்தின்படி அது ஏறத்தாழ 95 ஆகும். உங்கள் கல்லூரியும் இதே சூத்திரத்தைப் பின்பற்றுகிறதா என்று கேட்டு, அதையும் அந்தத் தாளில் சேர்த்துவிடுங்கள்.

விசாவையும் பணத்தையும் பொறுத்தவரை விதிகள் தெளிவானவை, தாமதம்தான் எதிரி. 90 நாளுக்கு மேல் தங்குவதால் தேசிய விசா வேண்டும். அதை வழங்குவது சென்னையிலுள்ள ஜெர்மன் துணைத் தூதரகம். சேர்க்கைக் கடிதம் கைக்கு வந்த அன்றே நேரம் பதிவு செய்ய முயலுங்கள். முடிவு வரப் பல வாரங்கள் ஆகலாம் என்பதால், விசா கைக்கு வருமுன் மாற்ற முடியாத விமானச் சீட்டை வாங்க வேண்டாம். செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்டும் வழக்கமான வழி பிளாக்டு அக்கவுண்ட், அதாவது முன்கூட்டியே பணம் போட்டு மாதாமாதம் ஒரு குறித்த தொகையை மட்டும் எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு. 2024 செப்டம்பர் முதல் மாதத்துக்கு 992 யூரோ என்பது அதன் அளவு. முழு ஆண்டுக்கு 11,904 யூரோ. ஒரு செமஸ்டருக்கு எத்தனை மாதத் தொகை வைக்க வேண்டும் என்பதை நீங்கள் விண்ணப்பிக்கும் சமயத்தில் தூதரகத்தின் ஆவணப் பட்டியலில் உள்ளபடியே பின்பற்றுங்கள். உறவினர் பிள்ளை போன ஆண்டு கட்டியதை வைத்து முடிவு செய்யாதீர்கள். இது கட்டணம் அல்ல, மாதாமாதம் மகளுக்கே திரும்பக் கிடைக்கும் பணம். இரு கல்லூரிகளுக்கிடையே ஒப்பந்தம் இருந்தால் பொதுவாக அங்கே கல்விக் கட்டணம் இருக்காது, இங்கே கட்டும் கட்டணம் தொடரும். செமஸ்டர் பங்களிப்பு என்ற சிறு தொகையை மட்டும் அங்கே கட்ட வேண்டியிருக்கும். இங்கிருந்து பணம் அனுப்பும்போது, ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய் வரை டிசிஎஸ் என்ற முன்வரிப் பிடித்தம் இல்லை என்பது 2025 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள விதி.

மருத்துவக் காப்பீட்டில் ஒரு சிறு இடைவெளியைக் கவனியுங்கள். மாணவர்களுக்கான பொதுக் காப்பீடு பெரும்பாலும் செமஸ்டர் தொடங்கும் நாளிலிருந்தே நடைமுறைக்கு வரும். அதற்கு முன் போய் இறங்கினால் இடைப்பட்ட நாட்களுக்குப் பயணக் காப்பீடு தனியாக வேண்டும்.

அறை தேடுவதுதான் அங்கே போகும் மாணவர்களை உண்மையில் அலைக்கழிக்கும் வேலை. ஸ்டூடியரெண்டன்வெர்க் என்ற மாணவர் நல அமைப்பு நடத்தும் விடுதிகளுக்கு உடனே விண்ணப்பிக்க வேண்டும். பல நகரங்களில் காத்திருப்போர் பட்டியல் நீளமானது. வெளியே வாடகைக்கு அறை தருவதாகச் சொல்லி, வீட்டைக் காட்டாமலே முன்பணத்தை அனுப்பச் சொல்பவர்கள் ஏமாற்றுக்காரர்கள் என்றே கொள்ளுங்கள், படங்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டு உரிமையாளரின் கையெழுத்திட்ட சான்று தேவை. அதைத் தர மறுப்பவரின் அறையை, வாடகை குறைவு என்பதற்காக எடுக்க வேண்டாம்.

இனி உங்கள் ஏழு கேள்விகள். குளிருக்கான மேலங்கியை இங்கே வாங்கிச் சுமக்க வேண்டாம். அங்கே கிடைப்பதே அந்தக் குளிருக்குப் பொருந்தும். குளிர் தாங்கும் உள்ளாடையும் ஒரு நல்ல ஸ்வெட்டரும் போதும். பொடி வகைகள், பருப்பு, புளி ஆகியவற்றைக் கொண்டுபோகலாம். நெய், பால்பவுடர், இறைச்சி ஆகியவற்றை வெளியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பையில் கொண்டுபோகத் தடை உண்டு. பச்சைக் கறிவேப்பிலைக்கும் தாவர நலச் சான்று கேட்பார்கள் என்பதால், காயவைத்துப் பொடியாக்கிக் கொடுத்துவிடுங்கள். சைவச் சாப்பாடு பல்கலைக்கழக உணவகங்களில் கிடைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கிவைக்க வேண்டும். அவசர உதவிக்கு 112, காவல்துறைக்கு 110.

பாதுகாப்பைவிட நான் அதிகம் அஞ்சுவது நவம்பர், டிசம்பர் மாதங்களின் இருட்டை. மாலை நான்கு மணிக்கே பொழுது சாய்ந்துவிடும் அந்த வாரங்களில்தான் தனிமை பிள்ளைகளை வாட்டுகிறது. நேர வித்தியாசம் அப்போது நாலரை மணி. அவர் வகுப்பு முடிந்து அறைக்கு வரும்போது உங்களுக்கு இரவு பத்து தாண்டியிருக்கும். தினமும் ஐந்து முறை அழைப்பதைவிட, அவருக்கு ஏற்ற ஒரு நேரத்தை இருவரும் பேசி முடிவு செய்து, அந்த நேரத்தில் அவசரமில்லாமல் பேசுங்கள். குரலில் சோர்வு தெரிந்தால், ஸ்டூடியரெண்டன்வெர்க்கில் மனநல ஆலோசனை கிடைக்கும் என்பதை நினைவுபடுத்துங்கள். புறப்படும் முன், சென்னையில் மாக்ஸ் முல்லர் பவன் என்று அறியப்படும் கோத்தே நிறுவனத்திலோ இணையவழியிலோ ஏ1 எனப்படும் தொடக்க நிலை ஜெர்மன் படிக்கச் சொல்லுங்கள். கடைக்காரரிடம் நான்கு வார்த்தை பேச முடிகிற பிள்ளை அறைக்குள்ளேயே முடங்கிக் கிடக்காது.

வரும் வாரத்தில் மகளை மட்டும் துறைத் தலைவரிடம் அனுப்புங்கள். நீங்கள் கூடச் செல்ல வேண்டாம், கேட்டு வாங்கும் பழக்கம் அவருக்கு அங்கே தினமும் தேவைப்படும். பாட ஈடு, முடிவு நிறுத்திவைப்பு, ஜனவரி பிப்ரவரி வருகைப்பதிவு ஆகிய மூன்றுக்கும் எழுத்துமூலம் என்ன பதில் கிடைத்தது என்பதை அவரையே எனக்கு எழுதச் சொல்லுங்கள். அதைப் பார்த்துவிட்டு விசா ஆவணங்களைச் சரிபார்க்க உட்காருவோம்.

அன்புடன்,
உங்கள் கல்வி ஆலோசகர்